தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?

பினாங்கில் தமிழர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். "உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" பெரும்பாலும் மௌனம்தான் பதில். "எந்த ஊரிலிருந்து வந்தவர்?" தஞ்சாவூர்ப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் என்பார்கள். அந்தப் 'பக்கம்' என்ற ஒரு சொல்லுக்குள் நூற்றுக்கணக்கான கிராமங்கள் அடங்கிக் கிடக்கின்றன. "எந்தக் கப்பலில் வந்தார்?" இதற்கு மட்டும் பதில் சட்டென்று வரும்: "ரஜுலா!"

எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அநேகமாக எல்லாத் தாத்தாக்களும் ரஜுலாவில்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் எஸ்.எஸ். ரஜுலா கப்பல் கட்டப்பட்டதே 1926இல்தான். 1910 வாக்கில் பினாங்கில் இறங்கிய ஒருவர் அதில் வந்திருக்க வழியே இல்லை. அவர் வந்த கப்பலின் பெயர் மறந்துபோய், பிற்காலத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்த கப்பலின் பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. குடும்பக் கதைகள் ஒரே நாளில் அழிவதில்லை. முதலில் பெயர்கள் உதிர்கின்றன. பிறகு ஊர்கள் மங்குகின்றன. கடைசியில் எல்லாருடைய கதையும் ஒரே கதையாகிவிடுகிறது.

நான் ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கடந்த எட்டு ஆண்டுகளாக உறவினர், நண்பர் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். இது என் தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை. இதுவரை முப்பத்திரண்டு பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் பதினோரு பேர் இன்று உயிரோடு இல்லை.

டர்பனில் காகிதம், பினாங்கில் பேச்சு

கப்பலேறிய தமிழர்களில் நம்மோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும் எழுதிவைத்தது காலனி அரசு. ஆளை அடையாளம் காண எழுதிய கணக்கு அது. இன்று அதே கணக்கைப் புரட்டித்தான் கொவெண்டர், மூட்லி, பிள்ளை, படையாச்சி என்ற பெயர்களைச் சுமக்கும் ஆப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மூதாதையரின் கிராமத்தைக் கண்டுபிடிக்கின்றன.

ஆனால் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் இப்போது வீட்டுப் பேச்சாக இல்லை. கொள்ளுப்பாட்டி எந்த ஊர்க்காரி என்பதைக் கப்பல் பட்டியல் சொல்லும். அவள் பிள்ளையை எப்படிக் கொஞ்சினாள், யாரோடு சண்டை போட்டாள், எதை நினைத்து ராத்திரியில் அழுதாள் என்பதை அது சொல்லாது.

நம் கதை இதற்கு நேர்மாறு. மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆளெடுப்பது 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு அதைத் தடுத்தது. கங்காணியோடு வந்தவர், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர், மாமன் கடைக்கு எடுபிடியாக வந்தவர், செட்டியார் கிட்டங்கிக்குக் கணக்கெழுத வந்தவர் என்று நம்மவர்கள் பல வழிகளில் வந்தார்கள். இத்தனை பேரையும் பெயரோடும் கிராமத்தோடும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் பட்டியல் நம்மிடம் கிடையாது.

நம்மிடம் இருப்பது பேச்சு. இந்த மண்ணில் இன்னும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, தமிழ்ப் பத்திரிகை இருக்கிறது. எண்பது தொண்ணூறு வயதுப் பாட்டிகள் நாகப்பட்டினத்துத் தமிழிலும் புதுக்கோட்டைத் தமிழிலும் மலாய்ச் சொற்களைக் கலந்து கதை சொல்கிறார்கள். நமது ஆவணக் காப்பகம் அவர்களுடைய வாய்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் காலம் குறைவு. என் தங்கை மகனுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில் வரும். அவனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் புரிதலும் இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் காகிதமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் நிற்போம்.

உலகைத் தேடவைத்த ஒரு புத்தகம்

குடும்ப வரலாற்றைத் தேடும் ஆசையை உலகம் முழுக்கப் பரப்பியதில் ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அலெக்ஸ் ஹேலி என்ற கறுப்பின அமெரிக்கர் 1976இல் வெளியிட்ட 'ரூட்ஸ்' அது. தன் பாட்டி வீட்டுத் திண்ணையில் கேட்ட சில ஆப்பிரிக்கச் சொற்களையும் 'கின்டே' என்ற பெயரையும் பிடித்துக்கொண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் ஜுஃபுரே என்ற கிராமம் வரை அவர் போனார். அங்கே பரம்பரைக் கதைசொல்லிகள் உண்டு. குலங்களின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வைத்திருந்து ஒப்பிப்பது அவர்கள் தொழில். அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டு, அடிமையாகக் கடத்தப்பட்ட குன்டா கின்டே தன் மூதாதை என்று ஹேலி எழுதினார். அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சித் தொடராக வந்து அமெரிக்காவை உலுக்கியது. கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் கிழவர்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கின.

பிறகு ஆய்வாளர்கள் ஹேலியின் வம்சாவளியைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது பல இடங்கள் பொருந்தவில்லை. கதைசொல்லியின் பேச்சிலும் ஐயம் எழுந்தது. இதனால் புத்தகம் வீணாகிவிடவில்லை. ஆனால் நமக்கு அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, பாட்டி சொன்ன இரண்டு சொல்கூடக் கடலைத் தாண்டி வழி காட்டும். இரண்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிவைத்துவிட்டு, தேதிகளையும் பெயர்களையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நம் ரஜுலா கதையே அதற்குச் சாட்சி.

நம் தெருக்களில் நடந்திருப்பவை

ஜார்ஜ்டவுனில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கூ சல்மா நசூத்தியன் 2014இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' என்ற பெரிய நூல், 1786 முதல் 1957 வரை கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைச் சொல்கிறது. சூலியா தெருவில் 1945 முதல் 1970 வரை வாழ்ந்தவர்களின் நினைவுகள் 'செரித்தா லெபோ சூலியா' என்ற பெயரில் நூலாகியிருக்கின்றன. தமிழ் நாவலில் பினாங்கைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. இளவயதில் மேடானுக்கு வேலைக்கு வந்த சிங்காரம், போர்க்காலத்துப் பினாங்கையும் மேடானையும் தெருத்தெருவாக அதில் பதித்துவைத்தார்.

திரைப்படத்தில் நம் அண்டைவீட்டுக்காரர்கள் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். 2017இல் வந்த 'யூ மீன் தி வேர்ல்ட் டு மீ' என்ற படத்தில், இயக்குநர் சாவ் தியோங் ஹின் தன் குடும்பத்தின் கதையைப் பினாங்கு ஹொக்கியன் பேச்சிலேயே எடுத்தார். மாண்டரினில் எடுத்திருந்தால் பார்வையாளர்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா பேசியது அந்த மொழியைத்தானே! தமிழில் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) படிக்க ஆசைப்படும் தோட்டத்துப் பெண்ணைக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்தைவிட்டு வெளியேறி நகர்ப்புறக் கம்பத்தில் ஒதுங்கிய குடும்பத்தைக் காட்டியது.

இவையெல்லாம் பொதுவான கதைகள். உங்கள் வீட்டுக் கதையை எழுத வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

வீடு மாறியபோது போனவை

பெரியவர்களிடம் பேசப்பேச, எனக்கு ஒரு ஆண்டு திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அது 2000. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி அந்த ஆண்டு தொடங்கியபோது, நகரின் நடுவே கடைவீடுகளில் பரம்பரையாகக் குறைந்த வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. ஓர் ஆயா என்னிடம் சொன்னார்: "மூணு தலைமுறையா இருந்த வீடு தம்பி. ஃபிளாட்டுல எடம் ஏது? பரணையில கெடந்ததையெல்லாம் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டு வந்துட்டோம்." பரணையில் என்ன இருந்தது என்று கேட்டேன். "டிரங்குப் பெட்டி, எங்க மாமனாரு கணக்குநோட்டு, கண்ணாடி போட்ட படங்க" என்றார். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது அந்தக் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பரணைக்கு அதற்குள் காலம் கடந்திருந்தது.

கேட்கிற விதத்தில் இருக்கிறது

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி" என்று ஆரம்பித்தால் எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். "என்னத்தப்பா சொல்றது" என்பதோடு முடிந்துவிடும். சின்னக் கேள்வி கேளுங்கள். குடியிருந்த லயத்தில் எத்தனை கதவு? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? தீபாவளிக்குத் துணி எங்கே வாங்கினீர்கள்? கடைத்தெருவில் எந்தக் கடை முதலில் வரும்? மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் அந்தக் காலத்தில் கடைத்தெரு என்பார்கள். கையில் ஒரு பழைய படத்தைக் கொடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, பின்னால் தெரியும் மரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். பேசவிடுங்கள்.

ஊரைக் கண்டுபிடிக்க நான்கு கேள்விகள் எனக்குக் கைகொடுக்கின்றன. ரயிலேற எங்கே போவீர்கள்? சந்தை என்றைக்கு? பக்கத்தில் எந்த ஆறு? குலசாமி யார்? நண்பர் ஒருவரின் பாட்டி ஏழு வயதில் அம்மாவோடு கப்பலேறியவர். ஊர்ப் பெயர் கேட்டால் "என்னமோ நல்லூருப்பா" என்பார். தமிழ்நாட்டில் நல்லூர்களுக்குக் குறைவா? ரயிலைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. "பேரளத்துக்கு மாட்டுவண்டியில போவோம். அங்கேயிருந்துதானே காரைக்காலுக்கு வேற ரயிலு பிரியும்!" அவ்வளவுதான், வட்டாரம் சுருங்கிவிட்டது. அடுத்த ஆண்டு நண்பர் அந்தப் பக்கம் போய், குலசாமி பெயரைச் சொல்லி விசாரித்தார். மூன்றாவது கிராமத்தில் கோயில் பூசாரியே இவருடைய பங்காளிகளின் வீட்டைக் காட்டினார்.

பாட்டி பேசும்போது திருத்தாதீர்கள். 'சயாம்காரன் காலத்துல' என்று அவர் சொன்னால், ஜப்பான்காரன் காலம் என்று இடையில் புகுந்து மாற்ற வேண்டாம். தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அதில்தான் பாதி உண்மை வெளியே வரும்.

காகிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ், 1948இல் அவசரகாலத்தில் தொடங்கிய அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ், கல்லறைக் கல்வெட்டு எல்லாமே உதவும். நகரத்தார் வீடுகளுக்கு அவர்களுடைய நகரக் கோயில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற பழைய நாளிதழ்களின் மரண அறிவிப்புகளில்கூட ஊர்ப் பெயர் கிடைக்கும்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்

எல்லாக் கதையும் வெளியே சொல்லக்கூடிய கதை இல்லை. இந்தியாவில் விட்டுவந்த முதல் மனைவி, மறைத்த சாதி, கொடுத்துவிட்ட குழந்தை என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

எனக்கு மாமா முறையாகும் ஒருவர், கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதுக் கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பற்றிக் கேட்டதும், "அந்தப் போனை அமத்து தம்பி" என்றார். அமர்த்தினேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். 1943இல் ஜப்பானியர் அந்த அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனதும், தோட்டத்தில் யார் பெயரைக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் யார் என்பதும் அதில் இருந்தன. அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் இன்றும் இவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, காஞ்சனபுரியில் பராமரிக்கப்படும் கல்லறைகள் இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் தமிழர்கள் ஏராளம். பெரும்பாலானோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதினார், தமிழில் ஆவணப்படமும் வந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தோட்டத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட அண்ணன் போய்த் திரும்பவில்லை என்பதற்கு அந்த மாமாவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

என்ன செய்வது? அவரிடமே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். அண்ணன் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருஷம் இந்த மூன்றையும் மட்டும் பதிவில் சொல்ல ஒப்புக்கொண்டார். மற்றது அவர் மகளுக்குத் தெரியும். தன் காலத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று அவள் தீர்மானிக்கட்டும் என்றார். அந்த மூன்று விவரங்களும் இப்போது நாற்பது விநாடி ஒலியாக இருக்கின்றன. ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கு அது போதும்.

பதிவு செய்தால் மட்டும் போதாது

ஒலிநாடாக்கள் உள்ள வீடுகள் உடனே அவற்றைத் தேடி எடுங்கள். எழுபது எண்பதுகளில் பல குடும்பங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி இந்தியாவுக்கு அனுப்பின, அங்கிருந்தும் வந்தன. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தது. என் தாத்தா தன் தங்கைக்கு அரிசி விலை சொல்கிறார். பின்னணியில் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. அவர் குரலை என் பிள்ளைகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நம் ஊர் ஈரக்காற்றில் நாடாக்களில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகப் பூத்திருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். நாடா அறுந்துவிடும், கருவியும் கெடும். தெரிந்த ஒருவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். கல்யாண வீடியோ கேசட் இருந்தால் இன்னும் அவசரம். புது வீடியோ கேசட் கருவி தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பங்களில் உள்ள படங்களை, பிய்க்காமல், இருக்கிறபடியே முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கைப்பேசியே நல்ல பதிவுக் கருவிதான். காற்றாடியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், கைப்பேசியைப் பாட்டிக்கு அருகில் ஒரு துணியின் மேல் வையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைச் சேமிப்பு என்று நினைக்க வேண்டாம். மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். பேச்சில் வரும் பெயர்களையும் ஊர்களையும் ஒரே ஒரு பக்கம் எழுதி உடன் வையுங்கள். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பவருக்கு அது யாரோ ஒருவரின் குரல்.

விருப்பமிருந்தால் ஒரு பிரதியைப் பொது இடத்துக்கும் கொடுக்கலாம். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்று மையம் இயங்குகிறது. தமிழ் முதியவர்களின் பேட்டிகளும் அங்கே காக்கப்படுகின்றன. இலங்கைத் தமிழர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம் இருக்கிறது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் பிரதிகளின் அருமையை அறிந்திருக்கிறது. நமக்கும் தேசிய ஆவணக் காப்பகம், பல்கலைக்கழக நூலகங்கள் உள்ளன. கதவைத் தட்ட வேண்டியது நாம்தான்.

பட்டர்வொர்த்தில் தொண்ணூற்றிரண்டு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். கப்பலிலிருந்து இறக்கி ஜெரஜாக் தீவில் தங்கவைத்த நாட்களை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மகளிடம் பேசினேன். "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் முடியல. அடுத்த மாசம் வாங்களேன் அண்ணே" என்றார். அம்மா பத்து நிமிஷம் பேசினால் போதும், இந்த ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.